சாட்சியில் இல்லாத வருடம்

பாக்கியநாதன் பதினோரு வருடமாக ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொல்லி வந்தார். எல்லா ஊரிலும் ஒரே சாட்சிதான். லாரி ஓட்டிய காலத்தில் குடித்துவிட்டுப் பாலத்துச் சுவரில் மோதியது, நொறுங்கிய கண்ணாடிக்கு நடுவே கிடந்தபடி இயேசுவைக் கூப்பிட்டது, அன்றோடு குடி விட்டுப்போனது. "அன்னிக்கிலேர்ந்து ஒரு சொட்டு இந்த நாக்குல பட்டதில்லை" என்று அவர் முடிக்கும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

அந்த ஞாயிறு சாயந்தரக் கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைப்பதற்குள் ஓர் ஆள் எழுந்து நின்றார். செல்லத்துரை, பாக்கியநாதனின் மனைவி கனகபாயின் தம்பி. வேதக்கோயில் பக்கம் வராதவர்.

"அத்தான், ஞானஸ்நானம் எடுத்து ரெண்டு வருசம் கழிச்சு, குடிச்சிட்டு வந்து எங்கக்கா கையை ஒடிச்சீங்களே. அதை ஏன் சொல்லலை?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். பிறகு பாஸ்டர் பாட்டு நம்பரைச் சொன்னார்.

மறுநாள் காலை பாக்கியநாதன் நேசமணியக்காவைத் தேடிப் போனார். கிராமங்களில் வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுக்கிறவர் நேசமணி. பாக்கியநாதனை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தியதும் அவர்தான். வயதில் நாலைந்துதான் மூப்பு. முந்தின நாள் மூன்று ஊர் நடந்த கால்களை வெந்நீரில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, எனக்கு ஒரு பதில் வேணும்."

"யாருக்குச் சொல்ல?"

நடந்ததைச் சொன்னார். நேசமணி கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது.

"அவன் சொன்னது பொய்யா?"

"பொய் இல்லை."

"அப்புறம் எதுக்குப் பதில்?"

"ஜனங்க முன்னாடி தேவ நாமம் தூஷிக்கப்பட்டுப் போச்சே. ராத்திரி பூரா யோசிச்சேன். பேதுருகூட இயேசுவைத் தெரியாதுன்னு மூணு தடவை மறுதலிச்சவர்தான்னு வசனத்தோட சொல்லலாமா?"

"சொல்லலாம். பேதுரு மறுதலிச்சதை எழுதி வச்சது யாரு? அவருக்கு ஆகாதவங்களா, கூட இருந்தவங்களா?"

நேசமணி காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கனகா வீட்டுலதானே இருப்பா? வா போவோம்."

"உங்களுக்கு முடியலையேக்கா."

"முடியலைதான்."

இரண்டு தெரு தள்ளி வீடு. நேசமணி வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். கனகபாய் அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இடது முழங்கை மடங்காது. கீரைக்கொத்தை மடியில் இடுக்கி, வலது கையால் உருவினாள்.

நேசமணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "உன் வீட்டுக்காரர் சாட்சி சொல்லும்போது நீ எங்கே உட்காருவே?"

கனகபாய் கணவரைப் பார்த்தாள். "கடைசியில. செருப்புக் கிடக்கிற இடத்துல."

"ஏன்?"

"அந்த இடம் வரும்போது எழுந்து வெளியே போகத் தோது."

"எந்த இடம்?"

"ஒரு சொட்டு நாக்குல படலைங்கிற இடம்."

பாக்கியநாதன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இத்தனை வருசத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"கேட்டவங்க அழுதாங்க. நாலு பேரு குடியை விட்டதாவும் சொன்னாங்க. நல்லதுதானேன்னு இருந்துட்டேன்." அவள் கீரையைப் பார்த்தே பேசினாள். "கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

நேசமணி கேட்டார். "கை ஒடிஞ்சப்போ ஜெபம் பண்ணினியா?"

"இல்லக்கா. மூணு மாசம் பண்ணலை. வாயே வரலை. இவுகளும் பண்ணின மாதிரி தெரியலை." உருவின காம்பை ஒதுக்கிப் போட்டாள். "கையைத் தூக்க முடியாது. தினம் விடிஞ்சதும் இவுகதான் எனக்குத் தலை சீவிப் பின்னிவிடுவாக. முதல்ல பின்னத் தெரியாது. பக்கத்து வீட்டுல போய்க் கேட்டுட்டு வந்தாக. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். இவுகளும் பேசமாட்டாக."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் குடிக்கலை. பதினேழு வருசம் ஆச்சு. அது நிசம்."

பாக்கியநாதன் நிலையோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"செல்லத்துரைக்கு இவன் தலை பின்னிவிட்டது தெரியுமா?" என்றார் நேசமணி.

"தெரியாதுக்கா. கை ஒடிஞ்ச அன்னிக்கு வந்து சண்டை போட்டுட்டுப் போனவன்தான். அதுக்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறலை."

நேசமணி சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தார். மத்தியானம் இன்னொரு ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். வாசலுக்கு வந்தபோது பாக்கியநாதன் தலை தூக்கினார்.

"அக்கா, கையை ஒடிச்சதைப் போய்ச் சொன்னா, இனிமே என்னை எந்த ஊர்ல மேடைக்குக் கூப்பிடுவாங்க?"

"கூப்பிட மாட்டாங்க" என்றார் நேசமணி. "மச்சினன் வீட்டுக்குப் போக யார் கூப்பிடணும்?"