மேல் அடுக்கு, கீழ் அடுக்கு

பிரிட்டோவுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்கத்தான் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டி கோமளா மேடத்தின் அறைக்குப் போனான்.

"மேடம், என் மருந்து வேலை செய்யுதா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அந்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் அவனுக்கு இது ஐந்தாவது வருடம். ஒரு களைச்செடியின் வேரிலிருந்து மருந்து பிரித்து, புற்றுநோய் செல்கள் வளரும் டிஷ்ஷில் ஊற்றி, இதமான சூட்டில் செல்களை வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியில் வைப்பான். மூன்றே நாளில் செல்கள் சுருண்டு செத்துக் கிடக்கும். மருந்து ஊற்றாத டிஷ்ஷில் கொழுகொழுவென்று வளர்ந்து நிற்கும். எத்தனை தடவை செய்தாலும் அதே கதைதான். இதற்கு மேல் என்ன வேண்டும்? உதவித்தொகை வேறு இந்த மாதத்தோடு நிற்கிறது. மேடம் ஒரு கையெழுத்துப் போட்டால் அவன் டாக்டர் பிரிட்டோ. போடாவிட்டால் தூத்துக்குடிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மருந்து ஊத்தாத டிஷ்ஷை எங்கப்பா வைக்கற?"

"இன்குபேட்டர்ல, கீழ் அடுக்குல மேடம்."

"ஊத்தினதை?"

"மேல் அடுக்குல. ரெண்டும் கலந்துடக் கூடாதுன்னு முதல் நாள்லேருந்தே அப்படித்தான் வைக்கறேன்."

"ம்" என்றார் மேடம்.

பிரிட்டோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது இன்றைக்குப் புதிதாகக் கேட்ட கேள்வியா? எப்போது முடிவைக் கொண்டுபோய் நீட்டினாலும் இதே கேள்வி, இதே 'ம்'. ஒழுங்குக்குப் பேர்போனவன் அவன். மருந்து ஊற்றிய நீல மூடி மேலே, ஊற்றாத வெள்ளை மூடி கீழே, ஒருநாளும் மாறாது. புதிதாகச் சேருகிறவர்களுக்குக்கூட அவனுடைய இன்குபேட்டரைத்தான் திறந்து காட்டுவார்கள். அதைப் போய் ஏன் நோண்ட வேண்டும்?

ஆய்வேட்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்து சுகந்தியிடம் கொட்டித் தீர்த்தான். அவளும் மேடத்தின் மாணவிதான்.

"மேடத்துக்கு வயசாயிடுச்சு சுகந்தி. கேட்டதையே கேக்கறாங்க."

"உன்கிட்டயாவது டிஷ்ஷைப் பத்திக் கேக்கறாங்க. என்கிட்ட 'நீ செல்லை எண்ணும்போது பக்கத்துல யார் நிக்கறா'ன்னு கேக்கறாங்க. நான் எங்க போய் முட்டிக்கிறது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவனுக்குக் குழப்பம்தான் மிச்சம்.

மதியம் மேடமே ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார்.

"இன்னிக்குப் புதுசா ஏதாவது போட்டியா?"

"காலையிலதான் மேடம். கடைசித் தடவை."

இன்குபேட்டர் கதவைத் திறந்தார். நீல மூடி டிஷ்களை எடுத்துக் கீழ் அடுக்கில் வைத்தார். வெள்ளை மூடி டிஷ்களை மேல் அடுக்கில் வைத்தார். கதவைச் சாத்தினார்.

"ஐயோ மேடம், மாத்தி வச்சிட்டீங்க!"

"ஆமா. அப்படியே இருக்கட்டும். மூணு நாள் கழிச்சுப் பாரு."

"கையெழுத்து?"

"பாத்துட்டு வா."

இது சோதனையா, தண்டனையா என்றே அவனுக்குப் புரியவில்லை. மாற்றி வைத்துவிடலாமா என்று இரண்டு தடவை கதவில் கை வைத்தான். அப்புறம் பேசாமல் போய்விட்டான்.

மூன்றாம் நாள் முதலில் நீல மூடி டிஷ்ஷை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தான். மருந்து ஊற்றிய செல்கள் ஜம்மென்று இருந்தன. டிஷ் நிறைய, இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு. வெள்ளை மூடியை வைத்தான். ஒரு சொட்டு மருந்து படாத செல்கள் சுருண்டு செத்துக் கிடந்தன.

மூடிதான் மாறிவிட்டது என்று நினைத்தான். டிஷ்ஷின் அடியில் எழுதியிருந்ததைப் பார்த்தான். அவன் கையெழுத்தேதான். மறுபடி பார்த்தான். பார்க்கப் பார்க்கக் குழம்பியது.

பிறகு ஒரு தெர்மாமீட்டரை எடுத்து மேல் அடுக்கில் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, கீழ் அடுக்கில் வைத்தான். கதவில் எப்போதும்போல முப்பத்தேழு டிகிரி என்றுதான் எரிந்துகொண்டிருந்தது. கீழேயும் முப்பத்தேழு. மேலே நாற்பத்து மூன்று, எந்தச் செல்லும் தாங்காத சூடு.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து வருடமாக அந்தச் செல்களைக் கொன்றது மருந்து இல்லை, அடுக்கு. செத்தே தீர வேண்டிய புற்றுநோய் செல்கள் உயிரோடு இருப்பதைப் பார்த்து அழுதான். இத்தனை பெரிய உண்மையை வைத்துக்கொண்டு இந்த அம்மா ஐந்து வருடம் 'ம்' போட்டாரே என்று நினைத்தபோது அழுகை கோபமாக மாறியது. விறுவிறுவென்று அவர் அறைக்குப் போனான்.

மேடம் அவன் ஆய்வேட்டைத்தான் படித்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் வந்திருந்தார். ஓரமெல்லாம் பென்சிலில் 'அருமை', 'அருமை' என்று எழுதியிருந்தார்.

"மருந்து ஒண்ணும் பண்ணலை மேடம். மேல் அடுக்கு சூடு."

மேடத்தின் கையிலிருந்த பென்சில் நின்றது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்!" அவன் குரல் உடைந்தது. "உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகிட்டே அஞ்சு வருஷமா அதையே கேட்டுக்கிட்டு இருந்தீங்க!"

மேடம் ஆய்வேட்டை மெதுவாக மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை இல்லை.

"தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேனா, பிரிட்டோ?"