பதினேழு அனுபவங்கள்

மேல்கரடு என்ற மலையூரில் மூன்று அறை கட்டி, வெளியூர்க்காரர்களைத் தங்கவைக்கும் சின்னாண்டிக்கு ஐம்பத்தேழு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று. அடிவாரத்தில் ஓடு வேய்ந்த சின்ன மடமொன்றில் தனியாக இருக்கும் அந்த அம்மாவை எல்லோரும் மடத்தம்மா என்பார்கள். இந்த வயதில் இளையவரிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்று ஊரில் சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். சின்னாண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடத்தம்மாவும் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு புதன்கிழமை சின்னாண்டி மலையிறங்கி வந்தார். மடத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னும் என்ன வைக்கணும்னு சொல்லுங்க."

"எதுல?"

"என் எடத்துலதான். வர்றவங்க ஒரு ராத்திரி படுக்கறாங்க. விடிஞ்சா பையத் தூக்கிக்கறாங்க. காலைப் பலகாரத்துக்குக்கூட நிக்கறதில்லைங்க. ஒருக்கா வந்தவங்க மறுக்கா வந்ததுமில்ல."

"இப்ப என்னென்ன இருக்கு?"

சின்னாண்டி சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். சென்ற வருஷம் கீழே நகரத்தில் மூன்று நாள் பயிற்சி முகாமுக்குப் போய்வந்தவர் அவர். மலையும் காற்றும் எல்லா மலையிலும் இருக்கிறது, உங்கள் சுற்றுலாப் பொருளை மேம்படுத்துங்கள் என்று அங்கே ஒருவர் சொன்னார். மலையில் எது பொருள், எது பொருளில்லை என்று சின்னாண்டிக்குப் புரியவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் மேம்படுத்தத் தொடங்கிவிட்டார். ஊஞ்சல் கட்டினார். நின்று படமெடுத்துக்கொள்ளச் சுவரில் இரண்டு பெரிய இறக்கைகள் வரைந்தார். குட்டையில் பரிசல் விட்டார். மரத்துக்கு மரம் கயிறு கட்டினார். கோயில் திருவிழாவுக்கு மட்டும் அடிக்கிற மேளத்தைச் சாயங்காலம் தீ மூட்டி அடிக்க ஏற்பாடு செய்தார். எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, 'ஒரு நாள், பதினேழு அனுபவங்கள்' என்று தலைப்புப் போட்டு, அறைக் கதவுகளில் ஒட்டியும் வைத்தார். அதன் பிரதிதான் அந்தத் தாள்.

மடத்தம்மா முழுவதையும் படித்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கு அண்ணே."

சின்னாண்டிக்கு முகம் சுண்டிப்போனது.

"வெளையாடாதீங்கம்மா. திங்கக்கெழமை கம்பெனிக்காரர் வர்றாரு. வீடு, தோட்டம், களம் எல்லாத்தையும் முப்பது வருஷக் குத்தகைக்குக் கேக்கறாங்க. பெரிய ரிசார்ட்டு கட்டுவாங்களாம். நானும் நல்லாயியும் கீழ போயிரணும். இந்த வாரமும் ஆள் நிக்கலேன்னா கையெழுத்துப் போட்டுர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

சின்னாண்டி பிறந்த வீடு அது. அதைவிட்டு வேறெங்கும் பத்து நாள் சேர்ந்தாற்போல் அவர் தூங்கியதில்லை. பயமாக இருந்தது.

மடத்தம்மா கீரைத்தட்டை ஒதுக்கி வைத்தார்.

"நாளைக்கு வீட்டுச் சாவிய எங்கிட்டக் குடுத்துருங்க."

"எதுக்குங்க?"

"நாளைக்கு ஒரு நாள் நான் சின்னாண்டி. நீங்க விருந்தாளி."

மறுநாள் விடிகாலையிலேயே மடத்தம்மா மலையேறி வந்துவிட்டார். சின்னாண்டியின் மனைவி நல்லாயி சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பழைய ஆளுக்கு இந்தப் புது ஆளு தேவலை" என்றாள்.

சின்னாண்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் வீட்டு வாசலில் அந்நியரைப்போல் நின்றார். மடத்தம்மா அவருக்கு மாலை போட்டார். நெற்றியில் பொட்டு வைத்தார். கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வாங்க அண்ணே. முதல் அனுபவம், முகடு."

முகட்டில் மேகம் கீழிருந்து மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது. சின்னாண்டி ஒரு கல்லில் உட்காரப் போனார்.

"அந்தப் பக்கம் தெரியறது பெரியகரடு. இந்தப் பக்கம் சின்னகரடு. இங்க நின்னு படம் எடுத்துக்கலாம்."

"எனக்குத் தெரியுங்கம்மா."

"விருந்தாளிக்குத் தெரியாது. எடுத்தாச்சா? ரெண்டாவது, இறக்கை."

இறக்கைக்கு நடுவில் நின்றபோது சின்னாண்டிக்கு வெட்கமாக இருந்தது. பரிசலில் ஏறினார், இறங்கினார். ஊஞ்சலில் மடத்தம்மாவே பின்னால் நின்று தள்ளினார். போதும் என்று சொன்ன பிறகும் தள்ளினார். காப்பிச் செடிகளைக் காட்டி இது காப்பி என்றார். மிளகுக் கொடியைக் காட்டி இது மிளகு என்றார். தான் நட்ட கொடியைப் பற்றித் தனக்கே பாடம் நடப்பதைச் சின்னாண்டி கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் குளிக்கப் போனார். கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

"சுடுதண்ணி போதுமா அண்ணே?"

"போதும்மா."

"சோப்பு?"

"இருக்குங்க."

"பயமில்லாம குளிங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

மேல்கரட்டில் விருந்தாளியைத் தனியே விடுவது பெரிய குறை. தனியே நிற்கிற விருந்தாளியைக் கண்டால், கவனிக்க இந்த வீட்டில் நாதியில்லையா என்று ஊர் கேட்கும். கூடவே நடக்க வேண்டும். கூடவே உட்கார வேண்டும். பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னாண்டி இதில் ஊரிலேயே பேர் வாங்கியவர். ஒரு விருந்தாளி கால் கழுவப் போனால்கூட அவர் செம்போடு நிற்பார்.

மத்தியானம் சாமைச்சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் பரிமாறினார்கள். நல்லாயி வைத்த குழம்பு. முப்பத்திரண்டு வருஷமாகச் சாப்பிடுகிற குழம்பு.

"எப்படி இருக்கு?" என்றார் மடத்தம்மா.

"நல்லா இருக்கு."

இரண்டு வாய் போனது.

"உப்பு?"

"சரியா இருக்கு."

"இது சாமை. மலையில வெளையறது. உடம்புக்கு நல்லது."

சின்னாண்டி தலையைக் குனிந்துகொண்டு வேகமாக அள்ளிப் போட்டார். என்ன சாப்பிட்டோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. பாதியில் எழுந்து கை கழுவினார். நல்லாயி அடுப்படியிலிருந்து அவரை உற்றுப் பார்த்தாள். அவர் இலையில் சோறு மீதி வைத்து அவள் பார்த்ததேயில்லை.

"பத்தாவது, மூங்கில் பரண்" என்று மடத்தம்மா தாளைப் பார்த்தார். அவர் நிமிர்ந்தபோது விருந்தாளியைக் காணவில்லை.

சின்னாண்டி கொல்லைப்பக்கமாக நழுவி, சாமைக்காட்டு வரப்பில் குனிந்தபடியே ஓடினார். ஐம்பத்தேழு வயது ஆள், தன் வீட்டிலிருந்து திருடனைப்போல் ஓடினார். காட்டுக்கு அந்தப் பக்கம் களப்பாறை இருந்தது. அவருடையதுதான், அறுவடைக்குப் பிறகு ஊராரும் கதிரடித்துக் காயவைக்கிற அகலமான பாறை. இப்போது கதிர் முற்றவில்லை, பாறை வெறுமனே கிடந்தது. சின்னாண்டி அதில் உட்கார்ந்தார்.

சாமைக்கதிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கீழே மலைப்பாதையில் பஸ் ஒன்று வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது. அது கண்ணுக்குத் தெரியவில்லை. எந்த வளைவில் இருக்கிறது என்பது மட்டும் சத்தத்தில் தெரிந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. பாறையின் சூடு வேட்டி வழியாக ஏறியது. மூச்சு விட முடிகிறதே என்று சின்னாண்டி நினைத்தார்.

அவர் திரும்பியபோது பொழுது இறங்கிவிட்டது. மடத்தம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க போனீங்க அண்ணே?"

"களப்பாறைக்குங்க."

"அது தாள்ல இல்லையே."

"அங்க ஒண்ணும் இல்லைங்கம்மா. அதான் எழுதல."

"எத்தனை நேரம் இருந்தீங்க?"

சின்னாண்டி யோசித்தார். "தெரியலைங்க."

"மத்த எடத்துல எத்தனை நேரம் இருந்தீங்கன்னு தெரியுமா?"

"தெரியும்" என்றார் சின்னாண்டி.

நல்லாயி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சின்னாண்டிதான் மறுபடி தொடங்கினார்.

"அதுக்காக வந்தவங்களத் தனியா விட முடியுங்களா? எங்க பாட்டன் காலத்துல இங்க கரடி நடமாட்டம். வந்தவங்களுக்குத் துணையில்லாம வெளிய போகவே முடியாது. அப்ப வந்த பழக்கங்க இது."

"இப்ப கரடி வருதா?"

"நான் பொறந்ததுலருந்து ஒண்ணுகூடப் பாத்ததில்லைங்க."

"அப்ப விருந்தாளி காலையில பையத் தூக்கிட்டு யாரப் பாத்து ஓடறாங்க?"

சின்னாண்டி காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். மடத்தம்மா சாவிக்கொத்தை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு மலையிறங்கிப் போனார்.

சனிக்கிழமை சேலத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஐம்பதை ஒட்டிய வயது. இருவரும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கதவில் தாள் இல்லை. என்னவெல்லாம் பார்க்கலாம் என்று கணவர் கேட்டார். சின்னாண்டியின் வாயில் முகடு வந்தது, பரிசல் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, அவர்களைச் சாமைக்காட்டு வரப்பு வழியாகக் களப்பாறைக்குக் கூட்டிப்போனார். ஒரு செம்பில் தண்ணீர் வைத்தார்.

"இருங்க" என்றார். "சாப்பாட்டுக்குக் கூப்பிடறேன்."

திரும்பி நடந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக விருந்தாளிக்கு முதுகைக் காட்டினார். கால் முன்னே போகவே மாட்டேன் என்றது. எதிரில் வந்த பக்கத்து வீட்டுக்காரர், "விருந்தாளிக எங்கடா?" என்றார்.

"பாறையில."

"தனியாவா?"

"தனியாத்தான்."

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த பார்வையில் சின்னாண்டிக்கு உடம்பு கூசியது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்று முறை கொல்லைக்குப் போய் எட்டிப்பார்த்தார். நாலாவது முறை நல்லாயி அவர் கையைப் பிடித்து இழுத்து, உரிக்கச் சொல்லி ஒரு முறம் அவரைக்காயை மடியில் வைத்தாள்.

அந்த இருவரும் அந்திக்குத்தான் வந்தார்கள். அந்த அம்மாவின் கண் சிவந்திருந்தது. ஆனால் கணவரின் துண்டைத் தன் தோளில் போட்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று சின்னாண்டி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்குப் பல்வலிபோல இருந்தது. சாப்பிடும்போது உப்பைப் பற்றியும் கேட்கவில்லை. அவர்கள் இரண்டாம் முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் பையைத் தூக்கவில்லை. மறுபடி பாறைக்குப் போனார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்துதான் கிளம்பினார்கள். மறுபடி வருவோம் என்று சொல்லவில்லை. சின்னாண்டியும் அதைக் கேட்டு வாங்கவில்லை.

திங்கட்கிழமை கம்பெனிக்காரர் ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். வாசலில் மேசை போட்டு வரைபடத்தை விரித்தார். நீச்சல் குளம் நீலத்தில் இருந்தது. தொங்கு பாலம் சிவப்பில் இருந்தது. சின்னாண்டி விரலை வைத்து வீடு, காப்பித் தோட்டம், சாமைக்காடு என்று தேடிக்கொண்டே போனார்.

"இந்த எடத்துல என்னங்க வருது?"

கம்பெனிக்காரர் குனிந்து பார்த்தார்.

"அந்தப் பாறையா? அங்க ஒண்ணும் இல்ல. வர்றவங்களுக்குப் போரடிக்கக் கூடாதில்லைங்களா, அதனால பாட்டுப் பெட்டி வைக்கறோம். நாள் பூரா பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். கூடவே ஒரு ஆளையும் நிறுத்தறோம், விளக்கிச் சொல்ல."

சின்னாண்டிக்குக் கோபம் வரவில்லை. தான் எழுதாமல் விட்ட பதினெட்டாவது அனுபவத்தை யாரோ அவருடைய கையெழுத்திலேயே எழுதிக் காட்டியதுபோல் இருந்தது. கம்பெனிக்காரர் கொடுத்திருந்த பேனாவை மூடி போட்டுத் திருகி மேசைமேல் வைத்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

கம்பெனிக்காரர் சாப்பிடவில்லை. வாக்குக் குடுத்தீங்களே என்று மட்டும் கேட்டார். சின்னாண்டி அதற்குக் கைகூப்பினார். ஜீப் இறங்கிப் போனது. நல்லாயி வரைபடம் விரித்திருந்த மேசையை ஈரத்துணியால் துடைத்தாள்.

மறுநாள் சின்னாண்டி மடத்துக்கு வந்தார்.

"கையெழுத்துப் போடலைங்கம்மா."

"ம்."

"தப்புப் பண்ணிட்டனோன்னு இருக்கு. அந்த ரெண்டு பேரும் அரை நாள் கூடுதலா இருந்தாங்க. அவ்வளவுதான். அடுத்த வாரத்துக்கு யாரும் சொல்லல. இனிமே வர்றவங்களாச்சும் தங்குவாங்களா?"

மடத்தம்மா அவருக்கு ஒரு தம்ளர் மோர் ஊற்றிக் கொடுத்தார்.

"ஊரைவிட்டே போறேன்னு நின்ன ஒருத்தர் தங்கிட்டாரு அண்ணே. முதல்ல அவரக் கவனிங்க."