கருவால் நரிக்குக் கிடைத்த முதல் பந்தி

மலையடிக் காட்டில் கருவால் என்றொரு நரி இருந்தது. அதற்கு ஒரே ஓர் ஆசை. விருந்தில் முதல் பந்தியில் உட்கார வேண்டும்!

அந்தக் காட்டு வழக்கம் அப்படி. சிறுத்தை ராசாவும் பெரிய தலைகளும் முதல் பந்தியில் உட்காருவார்கள். நரிகளுக்குக் கடைசிப் பந்திதான். அங்கே இலையில் விழுவது வெறும் எலும்பு. அதிலும் எறும்பு மொய்த்திருக்கும்.

ஒருநாள் ராசாவின் பல் ஒன்று உடைந்துபோனது. அன்றைக்கென்று பார்த்து, ஒரு கொழுத்த காட்டுப்பன்றி பாறையிலிருந்து உருண்டு விழுந்து செத்தது.

"நாளைக்கு ஆத்தங்கரையில விருந்து! விலாக் கறியைத் தொட்டா எலும்பு தனியா வந்துடணும். அப்படிச் சமைக்கிறவனுக்கு முதல் பந்தியில என் பக்கத்துல இலை!" என்று ராசா உறுமினார்.

கருவாலுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சமைக்கிறேன் ராசா! நான்! நான்!" என்று முன்னால் பாய்ந்தது.

சமையலா? அதற்குத் தண்ணீர் கொதிக்க வைக்கக்கூடத் தெரியாது! நேராகக் கரடியிடம் ஓடியது. கரடி நல்ல மனசுக்காரர். ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தேன் கொடுத்து, பக்குவமும் சொன்னார்.

"உப்பும் மிளகும் தடவி, தேக்கிலையில சுத்தி, தணல் குழியில புதைச்சிடு. பொழுது சாயுற வரைக்கும் தொடாதே. கடைசியிலதான் தேனும் புளியும் பூசி, லேசா அனல்ல காட்டணும். முன்னாடியே பூசினா கருகிடும்!"

"சரி மாமா! சரி மாமா!"

மறுநாள் காலையில், பன்றியின் இரண்டு பக்க விலாவையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குழியில் புதைத்தது கருவால். உச்சிப் பொழுதில் வாசனை கிளம்பியது. அடடா, என்ன வாசனை! ராசா பக்கத்தில் தன் இலை விரிந்திருப்பதை நினைத்து நினைத்து வாலை ஆட்டிக்கொண்டது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. காக்கை கிளையில் உட்கார்ந்து கேட்டது: "என்ன கருவாலண்ணே, புகைதான் வருது, கறியைக் காணோமே!"

"உள்ளே கறி இருக்கோ இல்லையோ!" என்று கீரி சிரித்தது.

கருவாலுக்குச் சுருக்கென்று தைத்தது. "இருக்கா இல்லையான்னு இப்பப் பாருங்க!" என்று கத்தியபடி மேலே இருந்த விலாவை வெளியே இழுத்தது. கறி வெளிறிக் கிடந்தது. இதையா காட்டுவது? தேனைத் தாராளமாக ஊற்றிப் பூசி, பக்கத்தில் கொழுந்துவிட்டு எரிந்த நெருப்பில் நீட்டியது.

கறி தகதகவென்று மின்னியது!

"ஆகா! என்ன மினுமினுப்பு!" என்று கூட்டம் குதித்தது. உடும்பு வாலால் தரையில் அடித்து ஆர்ப்பரித்தது. பூரிப்பில் கருவாலுக்குக் குழியின் அடியில் கிடந்த இன்னொரு விலா மறந்தே போனது. நெருப்பிலிருந்து எடுக்கவும் மனசு வரவில்லை. இன்னும் மின்னட்டும், இன்னும் மின்னட்டும் என்று மேல்புறம் கருகும் வரை நீட்டிக்கொண்டே இருந்தது.

பொழுது சாய்ந்தது. இலை போட்டார்கள். ராசா பக்கத்தில் கருவாலுக்கும் ஓர் இலை! உட்கார்ந்தும் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை.

ராசா ஆசையாகக் கடித்தார்.

'கடக்!'

இன்னொரு பல்லும் போனது! கறி வெளியே கரி, உள்ளே பச்சை ரத்தம்.

அப்போது பந்தியில் இருந்த கரடி மோப்பம் பிடித்தார். குழிப் பக்கம் போய்த் தோண்டினார். மறந்துபோன விலா பூப்போல வெந்திருந்தது. குடுக்கையில் மிச்சமிருந்த தேனோடு புளியைக் குழைத்துப் பூசி, அனலில் காட்டினார். தொட்டதும் எலும்பு நழுவி விழுந்தது!

ராசா எழுந்தார். "கருவாலு, சொன்ன சொல் மாறமாட்டேன். முதல் பந்தி உனக்குத்தான். நீ சமைச்சதை மிச்சம் வைக்காம சாப்பிடு. நாங்க ரெண்டாம் பந்தியில உக்காந்துக்கிறோம்!"

அவ்வளவுதான்! எல்லோரும் இரண்டாம் பந்திக்கு அடித்துப் பிடித்து ஓடினார்கள். முதல் பந்தியில் கருவால் மட்டும் தனியாக உட்கார்ந்து, தாடை வலிக்க வலிக்கப் பச்சைக் கறியைக் கடித்து இழுத்தது. காற்றில் தேன் வாசனை வந்துகொண்டே இருந்தது.

வேலை உள்ளே பக்குவப்படும் முன்னே ஊர் மெச்சுவதற்காக மேலே மினுக்குப் பூசுபவன், கிடைத்த பெருமையையும் கசப்போடுதான் விழுங்க வேண்டியிருக்கும்.