தர்பாரில் இல்லை என்று சொல்லாத ராஜா

கோடைக்கு மட்டும் வந்து தங்கிப்போக, மலைமேல் ஒரு ராஜா அரண்மனை கட்டிக்கொண்டார். ராஜாவும் போனார், ராஜ்யமும் போனது. இப்போது டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் அந்த அரண்மனைத் தோட்டத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்னலாம்.

அங்கே சுற்றிக்காட்டும் வேலை பொன்னுரங்கத்துக்கு. கேட்ட குரலையெல்லாம் தொண்டைக்குள் பிடித்துப்போட்டு வைத்திருக்கிற மனுஷன். தர்பார் மண்டபத்தில் ராஜாவாக உறுமுவார். அடுத்த மூச்சில் மூக்கால் பேசும் திவான். அப்புறம் ராணியின் கிளி. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சாயங்காலம் விசில் ஊதியதும் அத்தனை சிரிப்பும் பஸ் ஏறிப் போய்விடும். தோட்டத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு அவர் மட்டும் திரும்புவார். மனைவி தவமணி இறந்தபின் அங்கே விளக்குப் போடவும் அவர்தான்.

அந்த அறையில் ஒரு வித்தை நடந்துகொண்டிருந்தது. தவமணியின் குரலில் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். ஆச்சு என்று தன் குரலில் சொல்வார். அப்படியே பேசிப் பேசித்தான் தூக்கம்.

தோட்டத்துக் கோடியில் குடிசை போட்டிருந்த துறவி வடிவம்மை அவரைவிட வயதில் சின்னவர். அவரைத்தான் பொன்னுரங்கம் குருவாக ஏற்றிருந்தார். ஒருநாள் போய் இதைச் சொல்லிவிட்டார். தப்பென்றால் விட்டுவிடுகிறேன் என்றார். விட்டால் ராத்திரியைத் தாண்ட முடியாது என்றும் அவரே சொன்னார்.

"குரல் அவங்க குரல் மாதிரியே இருக்குமா?"

"தோட்டக்காரர் ஜன்னல் வழியாக் கேட்டுட்டுக் காய்ச்சல்ல படுத்துட்டாரும்மா."

வடிவம்மை சிரித்துவிட்டார். மறுநாள் கூட்டம் வருமுன்னே தர்பார் மண்டபத்துக்கு வந்து, ராஜாவாகப் பேசச் சொன்னார். பொன்னுரங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். குரு கைகட்டிக் குனிந்தார்.

"மகாராஜா, குடிக்க ஒரு கிணறு வேணும்."

"தந்தோம்."

"மாடு மேய்க்க இந்தத் தோட்டம்."

"ஓட்டிக்கொண்டு வா."

"அப்படியே அரண்மனையும்..."

"அதுவும் உனக்கே."

வடிவம்மை நிமிர்ந்தார். உண்மையான ராஜா இப்படித்தான் வாரிக் கொடுப்பாரா என்று கேட்டார். அந்த ஆளா என்று பொன்னுரங்கம் தன் குரலுக்கு வந்தார். ஒரு ரோஜாவில் கைவைத்தவனை மரத்தில் கட்டிவைத்து அடித்தவராம் அவர்.

"அப்ப நீங்க ஏன் கொடுத்தீங்க?"

"நீங்க கேட்டீங்க. இல்லேன்னு சொல்ல மனசு வரலை."

வடிவம்மை தவமணி எப்படிப்பட்டவர் என்று விசாரித்தார்.

பொன்னுரங்கத்தின் முகம் மலர்ந்தது. சரியான வாயாடி என்றார். இவர் கிழக்கு என்றால் அவள் மேற்கு. குழம்பில் உப்பு குறைந்தால் உப்பு வாங்கிவந்தவரைத் திட்டுவாள். மகள் கல்யாணப் பேச்சில் இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்ததற்கு, மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே முடியாது என்றவள். அன்றைக்கு அவள் சொன்னதுதான் சரி.

வடிவம்மை கேட்டார்:

"இப்ப அந்த அறையில, உங்களை எதிர்த்து ஒரு வார்த்தையாவது பேசியிருக்காங்களா?"

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். யாருடைய குரலும் வரவில்லை.