அரண்மனைக்குள் பூட்டிய அரிவாள்கள்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஆயுதப் பித்துப் பிடித்த அரசர் ஒருவர் இருந்தார். கப்பல் கரைக்கு வந்தால் மற்ற அரசர்கள் பட்டு உண்டா, வாசனைத் திரவியம் உண்டா என்று கேட்பார்கள். இவர் "புதிதாக ஏதாவது குத்துமா, வெட்டுமா?" என்று கேட்பார். அவருடைய ஆயுதசாலையில் மலாய் நாட்டு நெளிந்த குத்துவாள், சீனத்துச் சங்கிலித்தடி, பாரசீகத்துக் கதாயுதம், நம்மூர் சுருள்வாள், வீசி எறிகிற வளரி எல்லாம் எண்ணெய் பூசி மாட்டியிருக்கும்.

ஒருநாள் கீழ்த்திசைத் தீவிலிருந்து ஒரு போர்க்கலை ஆசான் வந்தார். கயிற்றால் பிணைத்த இரண்டு குட்டைத் தடிகளை எடுத்துச் சுழற்றி, மண்பானை ஒன்றைத் தூள் தூளாக்கினார். அரசர் வாயைப் பிளந்தார்.

"இது என்ன ஆயுதம் ஆசானே?"

"எங்கள் ஊரில் கதிர் அடிக்கிற கோல், அரசே. மாவு அரைக்கும் திரிகையின் கைப்பிடியாலும் சண்டையிடுவோம். அரிவாளுக்கும் தனி வித்தை உண்டு."

தளபதி கோளரிக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. அவருக்கு விகடகவி மாசிலாமணியைக் கண்டாலே வயிறு எரியும். போரில் வென்று வந்தால் அரசர் தலையாட்டுவார். மாசிலாமணி தும்மினாலே விழுந்து விழுந்து சிரிப்பார். எரியாதா பின்னே?

"அரசே, அப்படியானால் குடிசைக்குக் குடிசை ஆயுதம் இருக்கிறது. இது ஆபத்தல்லவா? அடித்தால் ஆள் சாய்கிற பொருள் எதுவானாலும் ஆயுதம் என்று அறிவியுங்கள். நாளை மாலைக்குள் எல்லாம் ஆயுதசாலைக்கு வரட்டும். இந்தப் பொறுப்பை மாசிலாமணியிடம் ஒப்படையுங்கள். ஒன்று விடுபட்டாலும் அவன் நாட்டை விட்டுப் போகட்டும்."

அரசர் பயத்தில் யோசிக்காமல் "அப்படியே ஆகட்டும்" என்றார். கோளரியின் வீரர்கள் அன்றைக்கே கிளம்பி, ஊரிலுள்ள அரிவாள்களை எல்லாம் வண்டி வண்டியாய் அள்ளிவந்து ஆயுதசாலையில் பூட்டிவிட்டார்கள்.

மாசிலாமணி வீட்டுக்குப் போனபோது மனைவி பூவாயி வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க இது அநியாயம்? கதிரு முத்திச் சாஞ்சு கெடக்கு. மானத்தப் பாருங்க, எப்படிக் கருத்துட்டு வருதுன்னு. மழை விழுந்தா அம்புட்டு நெல்லும் வயல்லயே முளைச்சிரும். அரிவாளப் பிடுங்கிட்டுப் போனா நாங்க என்ன பல்லாலயா அறுக்குறது?"

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வயல் மட்டுமா, ஊர் முழுக்க அந்த நிலைமைதான். ஒரு வருடச் சோறு வரப்போரம் படுத்துக் கிடந்தது.

"ராஜா ஆணைய மீற முடியாது புள்ள. ஒண்ணு விடாம நிறைவேத்திடுறேன். நீ ஆளுங்களக் கூட்டி வயக்காட்டுல தயாரா இரு. நாளைக்கு அரிவா வந்திரும்."

சொன்னால் சொன்னதுதான். விடிந்ததும் வண்டிகளோடு அரண்மனைக்குள் நுழைந்தார், அந்த ஆசானையும் கூட அழைத்துக்கொண்டு. முதலில் மடைப்பள்ளி. உலக்கை, அம்மிக்குழவி, அரிவாள்மணை, இரும்புக் கரண்டி என்று ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டி, "ஆசானே, இதனால் அடித்தால் ஆள் சாய்வானா?" என்று கேட்டார். ஆசானுக்குத் தன் கலை மேல் அவ்வளவு பெருமை. எதைக் காட்டினாலும் "சாய்வான், அதற்கும் ஓர் அடிமுறை உண்டு" என்றார். எல்லாம் வண்டியில் ஏறின.

அமைச்சரின் கைத்தடி போயிற்று. அரசியின் கொண்டையூசி போயிற்று. விசிறி, குடை இரண்டையும்கூட ஆசான் விட்டுவைக்கவில்லை. நாவிதர் அரசருக்கு ஒரு பக்கக் கன்னத்தை மழித்து முடித்திருந்தார். மறு கன்னத்துக்குப் போவதற்குள் மாசிலாமணி வணங்கியபடியே கத்தியை வாங்கிக்கொண்டார்.

உச்சி வேளையில் அரசர் சாப்பிட உட்கார்ந்தார். இலையில் ஒரு முழுப் பூசணிக்காய் இருந்தது.

"என்ன இது?" என்று கத்தினார்.

சமையல்காரர் கைகூப்பி, "நறுக்கக் கத்தி இல்லை மகாராஜா. அரிசி குத்த உலக்கையும் இல்லை" என்றார்.

அரசர் ஒரு கன்னத்துத் தாடியோடும் பசியோடும் சபைக்கு வந்த கோலத்தைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"மாசிலாமணி! என்ன கூத்து இது?"

"தங்கள் ஆணை, அரசே. இன்னும் ஒரே ஒரு ஆயுதம்தான் பாக்கி. ஆசானே, உங்கள் தீவில் எல்லாவற்றிலும் பெரிய ஆயுதம் எது?"

ஆசான் நிமிர்ந்து நின்று, "வெறுங்கை" என்றார்.

மாசிலாமணி கோளரி பக்கம் திரும்பினார். "திருவிழா தவறாமல் தளபதியார் வெறும் வலது கையால் குத்தித் தேங்காய் உடைப்பதைச் சபையே பார்த்திருக்கிறது. அந்தக் கையையும் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். கழற்றித் தர வேண்டாம் தளபதியாரே, கையோடு நீங்களும் போய் உட்கார்ந்தால் போதும்."

காவலர்கள் தயங்கித் தயங்கி நெருங்கினார்கள். கோளரி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"அரசே! இது என்ன அக்கிரமம்? இது நான் சோறு தின்கிற கை! பிள்ளையைத் தூக்குகிற கை! அடிக்க ஓங்கினால்தானே ஆயுதம்? சும்மா இருக்கிற கையைப் பூட்டுவார்களா?"

மாசிலாமணி அசையாமல் நின்றார். அவர் குரலில் விளையாட்டே இல்லை.

"நேற்றிலிருந்து அந்த அரிவாள்களும் இதையேதான் சொல்கின்றன, அரசே. அவற்றுக்கு வாய் இல்லை. தளபதியாருக்கு இருக்கிறது."

எதிரே பூட்டிக் கிடந்த ஆயுதசாலைக் கதவை அரசர் பார்த்தார். மழிக்காத கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பசித்த வயிறு வேறு, வலிக்க வலிக்கச் சிரித்தார்.

"திறந்து விடுங்கள் கதவை! என் பயம் ஊரைப் பட்டினி போடப் பார்த்ததே! மாசிலாமணி, இந்த முத்துமாலையை வாங்கிக்கொள்."

"மாலை பிறகு இருக்கட்டும் அரசே. மழை வருகிறது. அரிவாள்களோடு தளபதியாரையும் அவர் வீரர்களையும் வயலுக்கு அனுப்புங்கள். அது போதும்."

முதல் தூறல் விழுந்தபோது கடைசிக் கட்டு களத்துக் கொட்டகைக்குள் போய்விட்டது. முழங்கால் வரை சேறோடு, முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார் கோளரி. பூவாயி அவர் பிடி பிடியாய் அறுத்துப் போட்ட நெல்லரி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இந்த அண்ணனுக்குக் கை நல்லா வருதுங்க," என்றாள் கணவனிடம். "அடுத்த அறுப்புக்கும் மறக்காம வரச் சொல்லுங்க."