சடைச்சிக்கு வந்த ஓலை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, வெண்கோட்டைச் சீமையைத் தளவீரப்பன் என்றொரு ராசா ஆண்டுவந்தார். காலையில் சிரித்தால் சாயங்காலம் சீறுவார். அவர் சபைக்கு ஒருநாள் அரண்மனை வண்ணாத்தி சடைச்சி ஓர் ஓலையை மார்போடு அணைத்தபடி வந்து நின்றாள்.

அவள் புருசன் பெரியாண்டி படையோடு வடக்கே போய் மூன்று வருசம். வாசலில் காலடி கேட்டாலே ஓடிவந்து பார்ப்பாள். போன மாசம்தான் இந்த ஓலை வந்தது. துவைக்கிற சனத்துக்கும் உழுகிற சனத்துக்கும் எழுத்து ஏது? அரண்மனை எழுத்தர் வேங்கடநாதரிடம் ஓடினாள். அவர் பார்த்துவிட்டு, "உன் புருசன் போய்ச் சேர்ந்தான், போ" என்றார்.

"மகாராசா, என் புருசன் செத்தான்னு எழுத்தர் ஐயா சொன்னதை என் மனசு ஏத்துக்கலைங்க."

வேங்கடநாதர் குதித்தார். "எழுத்து வாசனையே இல்லாதவள் என்னைச் சந்தேகப்படுவதா? 'பெரியாண்டி செத்தான்' என்று அப்படியே எழுதியிருக்கிறது!"

ராசாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "பொய்யென்று காட்டு, கேட்டதைத் தருகிறேன். முடியாவிட்டால் ஊரைவிட்டுப் போ."

"'செத்தான்'னு தனி ஓலையில எழுதித் தரச் சொல்லுங்க."

வேங்கடநாதர் எழுதிக் கொடுத்தார். சடைச்சி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானூறு வீட்டுத் துணியையும் குறி பார்த்துத்தான் பிரிக்கிறேன் சாமி. ஒண்ணு மாறினதில்லை. இந்தக் குறி என் ஓலையில எங்கேயுமே இல்லை. நீங்களே பாருங்க."

ராசா ஓலையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். சபை தலைகுனிந்தது. முத்திரை குத்துவதோடு சரி, அவருக்கும் படிக்கத் தெரியாது. ராணிக்கும் தெரியாது. பாட்டுக்காக எழுத்துப் படித்திருந்த நாட்டியக்காரி முத்துவடிவை அழைத்துக் கொடுத்தார்.

அவள் கண்ணைச் சுருக்கி, எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "சடைச்சி, உசிரோடதான் இருக்கேன். துணி துவைக்கிற சத்தம் எங்கே கேட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன்."

சடைச்சி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வேங்கடநாதர் முகம் வெளிறியது. "படை எழுத்தரின் கிறுக்கல், பிரபு. புரியவில்லை என்று ஒரு வண்ணாத்தியிடம் சொல்ல... வாய் வரவில்லை."

"அதற்காக ஓர் உயிரைக் கொன்றுவிட்டீரா?" என்றார் ராசா. பிறகு சடைச்சியிடம், "வேண்டியதைக் கேள். அவனை மட்டும் கேட்காதே. இப்போது ஓர் ஆளை எடுத்தாலும் வடகோட்டை விழுந்துவிடும்."

சடைச்சி எழுந்து, முத்துவடிவிடமிருந்து ஓலையை வாங்கிக்கொண்டாள்.

"அப்போ எழுத்து கொடுங்க, சாமி. அவர் பேச்சை இனி அடுத்தவங்க வாயால கேட்க முடியாது."

"வேங்கடநாதரே, நாளை முதல் நீர்தான் கற்பிக்க வேண்டும்" என்ற ராசா, குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒரு பலகை போடும்."

ஆறு மாசம் கழித்து, சடைச்சி தன் கையால் முதல் ஓலை எழுதினாள்: "உனக்கு எழுதித் தர்றவர்கிட்ட நீயும் கத்துக்கோ. அடுத்த ஓலையில உன் எழுத்தைப் பார்க்கணும்."