பட்டமளிப்பு விழாவில் மந்திரி அடித்த மணி

முன்னொரு காலத்தில், ராஜாவின் சாப்பாட்டு நேரம் தவறினாலே நாட்டில் ஒரு புதுச் சட்டம் பிறந்துவிடுகிற காலத்தில், ஒரு ராஜ்யத்தின் அரண்மனைக் கல்விச்சாலையில் பட்டமளிப்பு விழா வந்தது. படித்து முடித்த மாணவர்களுக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டுவார்கள்; ஊரறிந்த ஒருவர் வந்து வாழ்த்திப் பேசுவார். போன வருஷம் வந்த புலவரோ வாழ்த்த மறந்துவிட்டு, நாட்டு நடப்பைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அவர் முடிப்பதற்குள் விருந்து ஆறி, பாயசத்தில் ஆடை படிந்துவிட்டது. ராஜாவுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

இந்த வருஷம் பேச அழைக்கப்பட்டவன் அரசவை விகடன் வேம்பன். அவன் தெருவில் நடந்தாலே கூட்டம் கூடும். அதைக் கண்டு மந்திரி நாகலிங்கருக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, இவனும் அரசியல்தான் பேசுவான். இப்போதே கடிவாளம் போடுங்கள்" என்று மந்திரி தூபம் போட்டார்.

ராஜா உடனே ஆணையிட்டார். "விழா மேடையில் ராஜ்ய விஷயம் பேசுகிறவன் அன்று மாலைக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். மந்திரியாரே, மணியோடு மேடையில் உட்காரும். பேச்சு வரம்பு மீறினால் அடியும்."

"பேசுகிறவன் யாராக இருந்தாலுமா, மகாராஜா?" என்று சபையில் நின்றிருந்த வேம்பன் பணிவாகக் கேட்டான்.

"யாராக இருந்தாலும்!"

அன்று பிற்பகல் மாணவர்கள் வேம்பன் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் முதல் மாணவனான அழகேசனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஐயா, எங்களுக்குன்னு இருந்த உத்தியோகத்தை எல்லாம் மந்திரி தன் சொந்தக்காரங்களுக்குக் குடுத்திட்டார். ராஜாவுக்கு இது தெரியவே தெரியாது. நாளைக்கு நீங்க சொன்னாத்தான் உண்டு."

பக்கத்தில் நின்றவன் மறித்தான். "வேணாம்பா. நான் தலைப்பாகை கட்டுறதைப் பாக்க எங்க அம்மா எம்புட்டு தூரத்துலேர்ந்து வருது. அன்னைக்கும் சண்டைதானா?"

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் வேம்பனுக்குப் பட்டது. பேசினால் ஊரை விட்டு ஓட வேண்டும். பேசாவிட்டால் இந்தப் பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டும். அன்று அவனுக்குச் சோறே இறங்கவில்லை. ஆனால் கையைக் கழுவும்போது அவனுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அந்த நாட்டுச் சபையில் ஒருவன் பேச்சை மறிப்பவர் எழுந்து நின்று, மறித்த காரணத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியாக வேண்டும். காலங்காலமாக இருந்த வழக்கம் அது. வேம்பன் ஈரக்கையோடு சிரித்தான்.

மறுநாள் மைதானம் கொள்ளாத கூட்டம். மேளம் முழங்க, தலைப்பாகைகள் பளபளக்க, வேம்பன் மேடையேறினான். அவன் நெஞ்சு மேளத்தை விட வேகமாக அடித்தது. மந்திரி மணியை மடியிலேயே வைத்திருந்தார்.

"பிள்ளைகளே, வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிடுங்கள்" என்றான் வேம்பன்.

டாண் என்று மணி அடித்தது.

"காரணம்?" என்றார் ராஜா.

மந்திரி துள்ளி எழுந்தார். "இது குத்தல் பேச்சு, மகாராஜா! அரண்மனைக் களஞ்சியத்தைப் பூட்டி வைத்திருப்பதால் சனங்கள் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள் அல்லவா? அதைத்தான் சொல்கிறான்."

"பூட்டியா இருக்கிறது? எனக்குத் தெரியாதே" என்றான் வேம்பன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ராஜாவின் புருவம் உயர்ந்தது.

"சரி, அதை விடுவோம். ஊர் திரும்பும்போது பத்திரமாகப் போங்கள்."

டாண்.

"கீழைப் பாலத்தைக் குத்திக் காட்டுகிறான்! என் மைத்துனன் கட்டியது ஒரு மழைக்கே இடிந்து விழுந்ததாம். அதை இந்த மேடையில் கிளறலாமா?"

மாணவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். மந்திரிக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் வேம்பனை எப்படியாவது மாட்டிவிட வேண்டும் என்ற வெறி அவருக்குத் தலைக்கேறிவிட்டது.

வேம்பன் கடைசியாகக் கைகூப்பினான். "படித்த படிப்புக்கேற்ற வேலை உங்கள் எல்லோருக்கும் கிடைக்கட்டும்."

டாண், டாண், டாண்.

"பார்த்தீர்களா, மகாராஜா! இவர்களுக்கான உத்தியோகங்களை நான் என் உறவினருக்குக் கொடுத்ததைப் போட்டு உடைக்கிறான். இதை விடவா ராஜ்ய விஷயம் வேண்டும்?"

 தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அப்போதுதான் மந்திரிக்கு உறைத்தது. மணி கையிலிருந்து நழுவி விழுந்தது.

"மகாராஜா, நான் மூன்றே மூன்று வாழ்த்துச் சொன்னேன். மேடையில் ராஜ்ய விஷயம் பேசியது யார் என்று சபையே கேட்டது" என்றான் வேம்பன்.

ராஜாவின் முகம் சிவந்தது. "நாகலிங்கரே, உமது மந்திரிப் பதவி இந்தக் கணமே பறிபோயிற்று. உத்தியோகங்கள் இந்த மாணவர்களுக்கே. களஞ்சியத்தையும் இன்றே திறந்துவிடுங்கள். ஆணைப்படி நீர் மாலைக்குள் நாட்டை விட்டுப் போகலாம்."

அழகேசன் தலைப்பாகையைக் கழற்றி வானத்தில் வீசினான். அத்தனை மாணவர்களும் வீசினார்கள். தூரத்திலிருந்து வந்த தாய்மார்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

நாகலிங்கர் ராஜாவின் காலில் விழுந்து கதறினார். வேம்பன் குறுக்கிட்டான். "நாடு கடத்த வேண்டாம், மகாராஜா."

"ஏன்?"

"அடுத்த வருஷமும் பேச இவரையே அழையுங்கள். இந்த ராஜ்யத்தில் நடப்பதை இவ்வளவு விவரமாகச் சொல்ல வேறு ஆள் கிடைக்க மாட்டார்."

ராஜா கிரீடம் சாயும்படி சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டு, நாகலிங்கரை எழுப்பி, அடுத்த வருஷத்துக்கு இப்போதே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்.